காப்பகத்தில் கடைசி இருவர்

இன்றைக்கும் ரெட்டைச்சடையைக் கூட்டிப்போக யாரும் வந்திருக்கவில்லை.

குழந்தைகள் காப்பகத்தின் கூடத்தில் ஒரு விளக்குதான் எரிந்தது. அதன் கீழே அவளும் பட்டாணியும் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டாணிக்கு மூன்று வயது. ரெட்டைச்சடைக்கு ஒரு வயது கூடுதலாக இருக்கலாம். கட்டைகள் சரியும்போதெல்லாம் அவள் முதலில் சிரித்தாள். அவளைப் பார்த்து அவனும் சிரித்தான்.

பட்டாணியின் அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். ரெட்டைச்சடை இருந்தாள். அப்பாடா என்று இருந்தது. தன்னைவிட மோசமான அம்மா ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறாள்.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. மாற்று ஆள் வந்து நிற்கும்வரை முதலாளி விடமாட்டார். "காய்ச்சல்காரன் உன் பையன் அழுவானேன்னு பார்த்தா வருவான்?" என்பார்.

ஆரம்பத்தில் பட்டாணி படுத்திய பாடு கொஞ்சமல்ல. மற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பக் கிளம்ப, வாசல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கும்வரை அழுவான். பேசக் கற்றிருந்த நாலு வார்த்தையும் நின்றுபோயிற்று. காப்பகம் நடத்தும் அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"பகல் பூரா நல்லாத்தாம்மா இருக்கான். கடைசி ஆளா நிக்கறதைத்தான் தாங்க மாட்டேங்கறான். இப்படியே விட்டா புள்ளைக்கு நல்லதில்லை. வேலையைப் பத்தி யோசிங்க."

வேலையை விட்டால் வீடு நடக்காது. ஒரு வாரம் பார்க்கலாம் என்று கெஞ்சினாள். அந்த வாரத்துக்குள்ளேயே பையன் அடங்கிவிட்டான். "புள்ளைங்க எதுக்கும் பழகிக்கும்" என்று கணவனிடம் பெருமையாகச் சொன்னாள். இப்போது வண்டியில் ஏறினால் அவன் வாய் ஓய்வதில்லை.

அப்படியிருக்க, ஒரு நாள் மருந்துக்கடையில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பில் போட வழியில்லை. முதலாளி முனகிக்கொண்டே அவளை அனுப்பிவைத்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே காப்பகத் தெருவுக்குள் திரும்புவது அவளுக்கே புதுசாக இருந்தது. அம்மாக்களும் அப்பாக்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் போனார்கள். எதிர்ப்பக்கத்து சைக்கிள் கடை பெஞ்சில் ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

ரெட்டைச்சடையின் அம்மா. காலையில் பிள்ளையை விட வரும்போது பார்த்த முகம்.

வண்டியை நிறுத்திவிட்டு நேரே அவளிடம் போனாள்.

"இப்பத்தான் வந்தீங்களா?"

"வந்து கொஞ்ச நேரமாச்சுங்க."

"பாப்பா உள்ளதானே இருக்கா?"

"ஆமாங்க. விளையாடிக்கிட்டிருப்பா."

டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "இந்த பெஞ்சை அவங்க பேருக்கே எழுதி வச்சிடலாம்னு இருக்கேன். டெய்லி இருட்டுற வரைக்கும் இங்கதான்."

"தினமுமா?"

"துணிக்கடைல நாள் பூரா நின்ன காலு" என்றாள் ரெட்டைச்சடையின் அம்மா, சிரித்துக்கொண்டே. "வீட்டுக்குப் போனா யாரு உட்கார விடறாங்க? அதான் இப்படிக் கொஞ்சம்."

பட்டாணியின் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் தினமும் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வரேன். வந்து சேர முடியலையேன்னு வழியெல்லாம் மனசு அடிச்சுக்குது. நீங்க என்னடான்னா வாசல்லயே உட்கார்ந்துக்கிட்டு, பெத்த புள்ளையைக் கடைசி வரைக்கும் காக்க வைக்கிறீங்க."

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டாளுங்க."

"சொல்லாது. சின்னதுதானே, அதுக்கென்ன தெரியும்னு நினைக்காதீங்க. எல்லாம் மனசுல பதியும்."

"பதியும்ங்க" என்றாள் அந்த அம்மா. டம்ளரைக் கீழே வைத்தாள்.

அந்தப் பதில் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. விடுவிடுவென்று காப்பகத்துக்குள் போனாள். அக்கா சின்னச் சின்னப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதைச் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. ரெட்டைச்சடையோட அம்மாகிட்ட நீங்க பேசியே ஆகணும். எனக்குச் சொன்ன மாதிரி அவங்களுக்கும் சொல்லுங்க. எதிர்த்தாப்புல உட்கார்ந்து டீ குடிக்கிறாங்க, புள்ள இங்க கிடக்குது."

அக்காவின் கை நின்றது.

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டாச்சு. கால் வலியாம்."

"கால் வலின்னா சொன்னாங்க?" அக்கா மடித்ததை ஓரமாக வைத்தார். பிறகு அடுத்த போர்வையை எடுத்தார். "அவங்க அப்படிச் சொல்லியிருந்தா, அப்படியே வச்சுக்கங்க."

"என்னக்கா நீங்களும் மழுப்பறீங்க?"

அதற்குள் பட்டாணி அவளைப் பார்த்துவிட்டான். கட்டைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ரெட்டைச்சடையின் அம்மா தெருவைக் கடந்து கேட்டருகே வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் இவள் வண்டிச் சாவியைத் தேடினாள்.

பின்னாலேயே ரெட்டைச்சடை ஓடிவந்தாள். பை தோளில் ஏறியும் ஏறாமலும், இடது வலது மாறிப்போன செருப்போடு, இவர்களைத் தாண்டிப் போய்த் தன் அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டினாள்.

"அம்மா, பட்டாணியோட அம்மா வந்துட்டாங்க. அவன் அழமாட்டான். இன்னைக்காவது நாம வீட்டுக்குச் சீக்கிரம் போலாமா?"