சோபாவை விட்டு இறங்காத கோழி

“மடிச்சு வச்ச துணி மேல உக்காந்துக்கிட்டு என்னையே முறைக்குது பாருங்க. இது வீடா, கூண்டா? என்னைக்காவது எனக்கு ஒரு நல்ல மெத்தை வாங்கித் தந்திருக்கீங்களா? இந்த மகாராணிக்கு மட்டும் சோபா.”

மனைவியின் சீற்றத்திற்கிடையே தையற்காரர் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். சட்டை வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

“உங்களுக்குக் காது கேக்குதா இல்லையாண்ணே? அண்ணி ஏன் இப்படி அல்லல்படணும்? கோழியை என்கிட்ட கொடுங்க, எங்க தோட்டத்துல வளரட்டும்.”

தையற்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“வேண்டாம் தம்பி. பையனைப் பறிகொடுத்த அன்னைக்கு மூடின வாயை, இது வந்த பிறகுதான் திறந்திருக்கா.”

உள்ளே வசவு உச்சத்தை எட்டியது. அவர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.