சுழி பார்த்த டாக்டர்

'இங்கே சுழி பார்க்கக் கூடாது.'

தமிழிலும் கன்னடத்திலும் எழுதிய அந்தப் பலகையை, ஸ்டூல் போட்டு ஏறி மைதான வாசலில் கட்டியவளே சங்கமித்ராதான். அதற்குப் பத்தடி தள்ளி நின்று, குதிரைக்குட்டியின் முகத்தைத் தடவி, படித்த கால்நடை டாக்டரே சுழி பார்த்தால் அவளுக்கு எரியுமா, எரியாதா?

"கண்ணுக்குக் கீழ மயிர் சுழிச்சிருக்கு பாருங்க உமேஷ் சார். கண்ணீர்ச் சுழி. வாங்கிட்டுப் போனா வீட்ல ஒரே அழுகைதான்" என்று தணிந்த குரலில் சொன்னாள் டாக்டர் தீபிகா. முகத்தில் சிரிப்பே இல்லை.

உமேஷ் கல்யாண ஊர்வலங்களுக்குச் சாரட்டு வண்டி விடுகிறவர். அதுவரை குட்டியின் முதுகைத் தட்டி, "வளத்தி நல்லாயிருக்கு. இந்த முகூர்த்தத்துலயே வண்டியில பூட்டிடலாம்" என்று பேசிக்கொண்டிருந்தவர், சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

"நல்ல வேளை சொன்னீங்க டாக்டர். பேடப்பா, வேண்டாம் இந்த வம்பு."

அவர் நகர்ந்ததும், கயிற்றைப் பிடித்திருந்த முத்தம்மாவின் முகம் வாடிவிட்டது. ஒக்கலிபுரத்துச் சந்தில் தாய்க்குதிரையைக் கட்டவே அவளுக்கு இடம் போதவில்லை. குட்டியையும் கட்டினால் காலி பண்ணு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இன்றைக்கு இது ஒரு நல்ல கைக்குப் போகாவிட்டால், நாளைக்கு எவனாவது ஒரு தரகனிடம் தள்ளிவிட வேண்டியதுதான்.

"போன வருஷம் இதோட அக்காவும் இந்தச் சுழியாலதான் விலை போகாம தரகன்கிட்ட போச்சு" என்றாள் முத்தம்மா. "சுழி பாக்காத சந்தைன்னு நீ கூப்பிட்டதாலதானே வந்தேன், சங்கமித்ரா?"

சுழியைச் சொல்லி நல்ல குட்டிகளை ஒதுக்குகிறார்களே என்றுதான், ஊரில் அங்கங்கே இருக்கிற குதிரைக்காரர்களைத் தேடிப் பிடித்து, மைதானத்துக்கு அனுமதி கேட்டு ஆபீஸ் ஆபீஸாய் ஏறி இறங்கி, இந்தக் குதிரைக்குட்டிச் சந்தையைச் சங்கமித்ரா நடத்துகிறாள். குட்டிகளின் உடம்பைச் சோதித்துச் சொல்லத்தான் தீபிகாவைக் கூப்பிட்டிருந்தாள். வேலியே பயிரை மேய்ந்தால்?

நாலு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று கிளம்பினாள். அதற்குள் தியோடர் வந்துவிட்டார். ஹோசூர் ரோடு பக்கம் பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி சொல்லித் தருகிறவர்.

"டாக்டர், இந்தக் குட்டிக்கு ஏதோ சுழின்னு டீக்கடையில உமேஷ் சொல்றாரே?"

"சுழியாவது, கிழியாவது" என்றாள் தீபிகா. "பல்லு, குளம்பு, மூச்சு எல்லாம் பாத்துட்டேன். தைரியமா வாங்குங்க. ஆனா ஒரு வயசுதான் ஆகுது. மேல ஏற இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகணும்."

"ஆகட்டுமே. இடம் கிடக்கு. அதுவரைக்கும் சும்மா ஓடட்டும்."

தியோடர் கையை நீட்டினார். குட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, அவருடைய சட்டைப் பொத்தானைக் கவ்வியது.

பேரம் அங்கேயே படிந்தது. முத்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்பவாவது வந்து பாத்துக்கலாமா சார்?" என்று கேட்டாள்.

"தாயையும் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார் அவர்.

சந்தோஷம்தான். ஆனாலும் சங்கமித்ராவுக்கு மனம் ஆறவில்லை.

"என்ன டாக்டர் இது, ஆளுக்கொரு பேச்சு? அவருக்குக் கண்ணீர்ச் சுழி, இவருக்கு ஒண்ணுமே இல்லையா? படிச்ச நீங்களே இப்படிப் பண்ணா, நான் யாரைத் திருத்தறது?"

தீபிகாவுக்குக் கோபம் வரவில்லை. "வாசல்ல உமேஷோட சாரட்டு நிக்குது. அந்தக் குதிரை மேல போட்டிருக்கிற ஜரிகைத் துணியைக் கொஞ்சம் தூக்கிப் பாத்துட்டு வாங்க. அப்புறம் திட்டுங்க."

சங்கமித்ரா போனாள். தூரத்திலிருந்து பார்க்க அந்தக் குதிரை மாப்பிள்ளை மாதிரிதான் நின்றது. அவள் கையைத் தூக்கியதும் கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னுக்கு இழுத்தது. அடி விழப்போகிறது என்று நினைத்துவிட்டது, பாவம்.

துணியைத் தூக்கினாள். வண்டி வார் அறுத்த புண்ணில் ஈ மொய்த்தது. விலா எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கடவாய் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி வந்தபோது, திட்டுவதற்கு வாய் வரவில்லை.

"கம்ப்ளெயிண்ட் பண்ணலாமே டாக்டர்?"

"பேரைச் சொல்லாம பண்ணினேன். ஃபைன் கட்டிட்டு மறுநாளே பூட்டினார். இந்தத் தடவை போட்டோவோட பண்ணியிருக்கேன். அந்தக் குதிரையை மீட்டுடுவாங்கன்னு நம்பிக்கை இருக்கு. ஆனா, காசோட வர்றவருக்கு விக்காதேன்னு இன்னைக்கு எதைச் சொல்லித் தடுக்கறது? சட்டத்துக்குப் பயப்படாத மனுஷன், சுழிக்குப் பயப்படறார்."

ஜாதகம், ராகுகாலம் என்று எதையும் வாசல்படி ஏறவிடாத வீட்டில் பிறந்தவள் சங்கமித்ரா.

தீபிகா அடுத்த குட்டியின் பல்லைப் பார்க்கப் போய்விட்டாள்.

"மேடம்!" உமேஷ்தான். இன்னொரு வரிசையில் ஒரு செவலைக் குட்டியின் பக்கத்தில் நின்று கூப்பிட்டார். "டாக்டர் பிஸியா இருக்காங்க. உங்களுக்கு இதுல நம்பிக்கை இல்லேன்னு தெரியும். இருந்தாலும் குதிரைக்காரங்களோட பழகறீங்க, தெரிஞ்சிருக்கும். இந்தச் செவலைக்குச் சுழி எப்படி?"

சங்கமித்ரா கிட்டே போய்க் குட்டியின் நெற்றி மயிரை ஒதுக்கினாள். குனிந்து, கண்ணைச் சுருக்கி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஐயையோ சார்" என்றாள். "இதுக்கு ரெண்டு சுழி."