லீவு போடாத மேடம்

"ரெண்டு மாசம் ஆச்சு கண்ணகி. இன்னும் எத்தினி நாள் லீவு வேணும்?"

நர்சிங் சூப்பிரண்டு ஜானகியம்மாள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு கதவருகிலேயே நின்றாள் கண்ணகி. நெய்வேலியில் அந்தத் தனியார் மருத்துவமனையில் ஐந்து வருடமாக நர்ஸ். 2016 மார்ச்சில் காசநோய் என்று தெரிந்து விடுப்பில் போனவள், இன்றுதான் வந்திருக்கிறாள்.

"உன் டூட்டியையும் சேத்து பொற்கொடி சிஸ்டர் டபுள் டூட்டி பாத்துப் பாத்து ஓஞ்சு போயிட்டா. நீ ஒழுங்கா மாஸ்க் போட்டிருந்தா இது வந்திருக்குமா?"

"பேஷண்ட் கிட்டப் போறப்பல்லாம் போட்டுக்கினுதான் மேடம் போனேன்."

"அப்புறம் எப்படி வந்துச்சாம்?"

கண்ணகி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என்னைப் பாரு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். உடம்பு முடியலன்னு ஒரு நாள் லீவு போட்டதில்ல. உங்களுக்கெல்லாம் தலைவலின்னாலே லீவு லெட்டர்!"

"பாப்பாவப் பாத்தே ரெண்டு மாசம் ஆவுது மேடம். முத்தாண்டிக்குப்பத்துல மாமியார் வூட்ல வுட்டிருக்கேன். மூணு வயசு. நோய் வராம இருக்க அவளுக்கும் ஆறு மாசம் மாத்திரை. கசக்குதுன்னு தெனமும் அழுவுதாம். அவரு மைன்ஸுக்குப் போயிட்டா, குவார்ட்டர்ஸ்ல நான் தனியாதான் கெடக்கறேன்."

ஜானகியம்மாள் இருமிக்கொண்டே பேனாவை மூடி வைத்தார்.

"சரி, உக்காரு. டாக்டர் என்ன சொன்னார்?"

"இனிமே என்கிட்டேருந்து யாருக்கும் பரவாதாம். நாளைக்கே டூட்டிக்கு வரலாம்னுட்டாருங்க."

"பின்னே இன்னிக்கு எதுக்கு வந்த?"

"நம்ம வார்டுல இருந்த பேஷண்டுங்க, சிஸ்டருங்க, ஆயாம்மாங்க எல்லாருக்கும் கவர்மெண்டு ஆளுங்க வந்து சளி டெஸ்ட் எடுத்தாங்களே... ரிசல்ட் வந்துடுச்சு மேடம். யாருக்கும் இல்ல."

"நல்லதுதானே?"

கண்ணகி கைப்பையைத் திறந்து, சளி டெஸ்டுக்கான, மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"ரவுண்ட்ஸ் இருக்குன்னு ரெண்டு வாட்டி டெஸ்ட் எடுக்க வந்தவங்கள நீங்க திருப்பி அனுப்பிட்டீங்களாம். பொங்கல்லேருந்து இருமிக்கினே டூட்டிக்கு வர்றீங்க, உங்க ஒருத்தருக்குத்தான் மேடம் இன்னும் பாக்கல... நாளைக்கு நீங்க லீவு போடுங்க, வார்ட நான் பாத்துக்கறேன்."