நீலச் சாரம்

"அம்மா, அப்பா வாறார்! இவரை அறைக்குள்ள விடுங்கோ!"

படகு உடைந்து தலைமன்னார்க் கரையில் மயங்கிக் கிடந்த இந்திய மீனவனைத் தாயும் மகள் பிரேமிளாவும்தான் தூக்கி வந்தார்கள். அவனுக்கு உடுக்க அப்பாவின் நீலச் சாரத்தைக் கொடுத்ததற்கே அம்மா நடுங்கினாள். போன கிழமைதான் இந்திய இழுவைப்படகு, றோலர் ஒன்று, அப்பாவின் வலையை அறுத்தது. "ஒருத்தன் அம்பிடட்டும், வெட்டிப்போடுவன்" என்று மாதா சுருவத்துக்கு முன்னால் சத்தியம் செய்தவர் அவர்.

கதவு அதிர்ந்தது. "மதலேனா, திற!"

அம்மா செபமாலையை இறுக்கிப் பிடித்தபடி திறந்தாள்.

அப்பாவின் தோளில் நனைந்த ஒருவன் தொங்கினான்.

"றோலர்க்காரன்தான். ஏசாதை மதலேனா, உயிர் கிடக்கு. என்ர நீலச் சாரம் எங்க?"

பிரேமிளா அறைக்கதவைத் திறந்துவிட்டாள்.