சிரிக்கக் கூடாத படம்

“சிரிக்காதேம்மா! வறுமைன்னா முகத்துல தெரிய வேண்டாமா?” என்று கத்தினார் கணேஷ்ராம்.

சென்னைப் பத்திரிகைக்காரர். மழை பொய்த்து, விளாத்திகுளம் பக்கமிருந்து சீவலப்பேரிக்கு நெல் அறுக்க வந்த கூட்டத்தைப் பற்றி எழுத வந்திருந்தார். படமெடுக்க, மேலப்பாளையத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பீர் மைதீனையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அந்தக் கூட்டத்தில் வந்தவள்தான் அன்னத்தாய். போட்டோ பிடிக்கிறார்கள் என்றதும் மகள் வேலுத்தாய்க்குத் தலைசீவி, பூ வைத்து, இருக்கிற ஒரே நல்ல சேலையைக் கட்டி, முதல் ஆளாகக் கொண்டுவந்து நிறுத்தியது அவள்தான். பெண்ணின் போட்டோ கேட்டு மாப்பிள்ளை வீட்டார் ஆள்மேல் ஆள் அனுப்புகிறார்கள். வயலைவிட்டு நகர்ந்தால் கூலி போய்விடும். அப்புறம் எங்கே ஸ்டூடியோவுக்குப் போவது?

கணேஷ்ராமோ பூவை எடுக்கச் சொன்னார். கிழிசல் சேலைக்கு மாறி வரச் சொன்னார். தூக்குவாளியில் இருந்த கஞ்சியை வேறு சட்டிக்கு மாற்றவைத்து, காலி வாளியை வேலுத்தாய் மடியில் தன் கையாலேயே கவிழ்த்து வைத்தார்.

“ஐயா, இந்தப் புஸ்தகம் மாப்பிள்ள ஊரு டீக்கடைக்கும் வருமே! இந்தக் கோலத்துல பாத்தா எவன்யா கட்டுவான்?”

“உண்மையை மறைக்கலாமாம்மா? நாடே பார்க்கணும்!”

“ஒரே ஒரு படமாவது நல்லபடியா…”

“ஃபிலிமை வீணாக்க முடியாது.”

அவள் பீர் மைதீன் பக்கம் திரும்பினாள். “பாய், நீங்களாவது சொல்லுங்க. நீங்களும் புள்ளகுட்டிக்காரருதான?”

மனிதர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மர நிழலில் பிளாஷ் பளிச் பளிச்சென்று அடித்தது. குனிந்து, மண்டியிட்டு, வரப்பில் படுத்தும்கூட எடுத்தார். “இன்னும் கொஞ்சம் அழுதாப்புல இரு, மவளே” என்று ஒத்து ஊதவும் செய்தார். கல்நெஞ்சுக்காரப் பாவி என்று அன்னத்தாய் மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். வேலுத்தாய்க்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

“ஆஹா! இதுதான் அட்டைப்படம்!” என்று துள்ளினார் கணேஷ்ராம். வயல்காரர் வீட்டில் கறிச்சோறு தயார் என்று ஆள் வரவும் கிளம்பிவிட்டார். “பாய், நீங்களும் வாங்க.”

“முன்னால போங்க சார். சாமானை எடுத்து வச்சிட்டு பைய வாறேன்.”

கணேஷ்ராம் தலை மறைந்ததும் அன்னத்தாய் பொங்கிவிட்டாள். “எம்புள்ள வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டீகளே பாய்!”

“ஏசாத தாயி. மவளுக்கு மூஞ்சியக் கழுவி, அந்த நல்ல சேலையக் கட்டி, பூவ வச்சுக் கூட்டிட்டு வா. வெரசா!”

“இனிமே என்னத்துக்கு? இப்ப எடுத்த படத்தப் பாத்து ஊர் பூரா சிரிக்கப் போவுதே!”

பீர் மைதீன் பையிலிருந்து புத்தம் புது ரோல் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

“எந்தப் படம்? கல்யாண வீட்டுல படம் எடு, படம் எடுன்னு தொந்தரவு பண்ணுதவுகளுக்குன்னு நாங்க அடிக்கிற வெறும் பிளாஷ்லா அது! ஃபிலிமை இனிமேத்தான் போடணும்.”