பன்னிரண்டாவது பாடம்

இருபது கேள்விக்கும் தப்பாகப் பதில் எழுதுவது லேசான வேலை இல்லை. எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வாய்க்கு வந்ததை எழுதினால், கேலி செய்கிறோம் என்று தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். எத்தனை படித்தும் மண்டையில் ஏறாதவள் எழுதியதுபோல் இருக்க வேண்டும்.

நோவா கட்டியது கோபுரம் என்று எழுதினேன். யோனாவை விழுங்கியது முதலை என்று எழுதினேன். நம் பெருமாள் கதையில் யானையின் காலைக் கவ்விய முதலைதான். வேறு முதலைக்கு நான் எங்கே போவேன்?

அந்தத் தாள்தான் திருத்தித் திரும்பி வந்திருந்தது. பக்கத்து வீட்டுத் தங்கபாய் அக்காவின் வாசற்படியில் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரிக்கத் தைரியம் வரவில்லை.

"ஏட்டி சண்முகத்தாய், இந்த வாட்டியும் பெயிலாப் போயிட்டியா?" என்றாள் அக்கா.

"பிரிச்சாத்தானக்கா தெரியும்."

தபால்வழி வேதாகமப் பாடம். மொத்தம் பன்னிரண்டு, எல்லாம் இலவசம். சர்ச்சில் கொடுத்த கார்டை அக்கா என்னிடம் நீட்டினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் பெயரைப் போட்டு நான் எழுதி அனுப்பினேன், விளையாட்டாகத்தான்.

முதல் தாள் சிவப்பு மையில் திருத்தி வந்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது நான் சிலேட்டில் கை பிடித்துப் பழக்கிய எழுத்து. என் மகன் பொன்னுராஜின் எழுத்து.

எண்பத்தாறில் அவன் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். அவன் அப்பா செருப்பைக் கழற்றினார். நான் வாயைத் திறக்கவில்லை. செருப்படியைவிட அதுதான் அவனுக்கு வலித்திருக்கும். அன்றைக்குப் போனவன்தான்.

உறையின் மேல் சென்னைத் தபால்பெட்டி எண் ஒன்றுதான் இருக்கும். எழுதுவது நான் என்று தெரிந்தால் தாளை வேறு ஆளிடம் தள்ளிவிடுவான். அந்தப் பயத்தில் இடது கையால் எழுதப் பழகினேன்.

சரியான பதிலுக்கு ஒரு குறி மட்டும்தான் போடுவான். தப்புக்கோ பக்கத்திலேயே இரண்டு வரி எழுதுவான். போன தடவையும் முதலை என்றுதான் எழுதியிருந்தேன். 'முதலை அல்ல, பெரிய மீன். பொறுமையாக மறுபடி வாசியுங்கள், சகோதரி.'

பெற்றவளைச் சகோதரி என்கிறான். என்னவோ சொல்லிக் கூப்பிடட்டும். எட்டு மாதமாக அந்த இரண்டு வரிக்காகத்தான் சோறு தின்றேன்.

பன்னிரண்டாவது பாடம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பரீட்சை. பாஸானால் சான்றிதழ் வரும், அத்தோடு தபாலும் நின்றுபோகும். ஃபெயிலானால் மறுபடி எழுதலாம். மூன்று தடவை ஃபெயிலாகிவிட்டேன். இது நான்காவது.

மடவார் வளாகம் போய் வைத்தியநாத சாமிக்கு விளக்குக்கூடப் போட்டேன். வேதாகமப் பரீட்சையில் என்னை ஃபெயிலாக்கு சாமி என்று வேண்டிக்கொண்டவள் இந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் பஸ் ஏறும் நேரமாகிவிட்டது. இனியும் உட்கார்ந்திருக்க முடியாது. உறையைப் பிரித்தேன்.

தாளில் அவன் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

கோபுரத்துக்குச் சரி. முதலைக்கும் சரி. இருபதும் சரி. மேலே இருபதுக்கு இருபது என்று போட்டு வட்டமிட்டிருந்தான்.

சலித்துப்போய்விட்டான். இந்த மக்குச் சகோதரி தொலைந்தால் போதும் என்று பாஸ் போட்டுத் தள்ளிவிட்டான். இனி எந்தத் தாளை அனுப்புவேன்? எந்தத் தபால்காரரை எதிர்பார்த்து நிற்பேன்? தெருவென்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன்.

உறைக்குள் சான்றிதழும் இருந்தது. அக்கா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாக நீட்டினாள். அவள் பெயருக்கு வந்த பாடம் அல்லவா? ஏசு படத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஆணிகூட அடித்து வைத்திருந்தாள்.

என்னால் கொடுக்க முடியவில்லை.

பெயர் எழுதும் கோட்டின் மேல், சிவப்பு மையில், சண்முகத்தாய் என்று இருந்தது.

இதுவரை அனுப்பிய பதினைந்து தாளில் ஒன்றில்கூட அந்தப் பெயரை நான் எழுதியதில்லை.