சிலுவைப் பாதை

"பிலோ, எங்க வர்றா?"

கண்ணைத் திறக்காமலே கேட்டார் என் வீட்டுக்காரர் ரெமிஜியஸ். விடிந்ததிலிருந்து இதே கேள்விதான்.

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் குழந்தை இயேசு சுரூபத்தை வைத்திருந்தேன். அந்தச் சிலையின் இடது கையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு நீல உருண்டை. அதுதான் உலகம். உச்சியில் குட்டியாக ஒரு சிலுவை நிற்கும்.

நான் உருண்டையின் மேல் விரலை வைத்தேன்.

"சிலுவைகிட்ட வந்துட்டா. இன்னும் கொஞ்சம்தான்."

சிரித்தாரா, வலியில் உதட்டைச் சுளித்தாரா, தெரியவில்லை.

இந்தச் சிலுவைக் கணக்கு எங்கள் மகள் ஜெனிட்டா சொல்லிக்கொடுத்தது. அமெரிக்காவுக்கு வேலைக்குப் போய் முதல் லீவில் வந்தபோது சொன்னாள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நேராக பெங்களூர் வருகிற பிளேன் வட துருவத்தை ஒட்டித்தான் பறந்து வந்ததாம். அதுதான் கிட்டமாம்.

இவர் விடுவாரா? காலமெல்லாம் இந்த பெங்களூரில் ஆட்டோ ஓட்டிய மனுஷன்.

"விவேக் நகர்ல ஏறி தெக்க எலெக்ட்ரானிக் சிட்டி போறவன எவனாச்சும் வடக்க ஹெப்பால் வழியா கூட்டினு போவானா? மீட்டர் ஏத்திட்டான் பாப்பா. உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

அவள் என் கையிலிருந்த செபமாலையைப் பிடுங்கி உருண்டைமேல் வைத்துக் காட்டினாள். நம்மைப் பார்த்த முன்பக்கம் அமெரிக்கா. குழந்தை இயேசுவின் நெஞ்சைப் பார்த்த பின்பக்கம் நம்ம ஊர். பக்கவாட்டில் சுற்றிக் கொண்டுபோனால் மாலை நீளமாக இழுத்தது. உச்சிக்கு ஏற்றி, சிலுவையை ஒட்டி அந்தப் பக்கம் இறக்கினால் சட்டென்று போய்ச் சேர்ந்தது.

"அப்ப இதுக்குப் பேருதான் சிலுவைப் பாதையா?" என்றார் இவர்.

வீடே சிரித்தது. தவக்காலத்தில் இயேசு சிலுவை சுமந்ததை நினைத்து முட்டி தேய நாங்கள் செய்கிற சிலுவைப் பாதை எங்கே, பிளேன் போகிற வழி எங்கே! இந்த ஆளுக்கு வாய்க்கொழுப்பு என்று நான்தான் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அந்த வாய் இப்போது ஒரு மடக்குத் தண்ணீர் கேட்கவே திணறுகிறது. ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்று பங்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போனார். "பாப்பா வரட்டும் சாமி" என்றார் இவர். அவளை ஒரு தரம் பார்க்கத்தான் உயிரைக் கையில் பிடித்துவைத்திருக்கிறார். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு அதுகூடத் தெரியாதா?

அவள் பிளேன் ஏறிவிட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

பொய். அவள் கிளம்பவே இல்லை.

விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறாளாம். இந்த நேரத்தில் அந்த நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம். அவளுக்கு அங்கே கைக்குழந்தை. "வர முடியலம்மா" என்று போனில் கதறினாள். பெற்ற அப்பன் சாகக் கிடக்கும்போது போகாதே என்று சொல்ல எவன் கொடுத்தான் அவர்களுக்கு அதிகாரம்? அவர்களைத் திட்ட வழியில்லை. குழந்தை இயேசுவைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

போனையாவது கட் பண்ணாதேம்மா, அப்பா குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். அதைத் தலையணைக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மூச்சு விடக்கூடாது, நீ இப்போது பிளேனில் இருக்கிறாய் என்று அவளையும் மிரட்டி வைத்திருக்கிறேன்.

வெளியே வியாழக்கிழமைக் கூட்டம். குழந்தை இயேசு கோயில் மைக்கில் நவநாள் ஜெபம் தொடங்கியிருந்தது. ஆட்டோக்காரர்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"இப்ப?"

"தாண்டிட்டா. இறங்க ஆரம்பிச்சாச்சு."

சிலுவையிலிருந்து விரலை மெல்லக் கீழே இழுத்தேன்.

இவர் கண்ணைத் திறந்தார். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அமெரிக்கா பக்கம்டி. வந்தவள அப்படியே திருப்பி அனுப்புறியே."

பதற்றத்தில் ஏறிய பக்கமே இறக்கியிருக்கிறேன், பாவி. என்ன சொல்லிச் சமாளிப்பது?

அவர் கோபப்படவில்லை. குச்சியாகிப்போன கையைத் தூக்கி என் விரலைப் பிடித்தார். திரும்பச் சிலுவைவரை ஏற்றினார். பிறகு உருண்டைக்கும் சுரூபத்தின் நெஞ்சுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில், எங்கள் சந்துக்குள் ஆட்டோவை விடுவது மாதிரி, எங்கேயும் இடிக்காமல் மெதுவாக இறக்கினார்.

"வந்து சேந்துட்டா" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

என் விரலை விடாமலே முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பினார். காலையிலிருந்து இல்லாத தெளிவு அந்தக் குரலில் இருந்தது.

"அங்க நடுராத்திரி ஆயிருக்கும் பாப்பா. அழுதது போதும். போய்ப் படு."